கர்த்தர் பேசினார், அதனால நீ பேசாதே!

"கர்த்தர் என்கிட்ட பேசினார்."

மூணே வார்த்தை. எங்க ஆட்கள் கூடுகிற ஜெபக்கூட்டமோ, சர்ச் கமிட்டியோ, பெண் பார்க்கப் போன வீட்டு ஹாலோ, எங்கே வேண்டுமானாலும் இந்த மூணு வார்த்தை விழட்டும், அதற்கப்புறம் நாலாவது வார்த்தைக்கு இடமே கிடையாது. கேள்வி கேட்டால் அவிசுவாசி. கணக்கு கேட்டால் யூதாஸ். (யூதாஸ் காலத்தில் பணப்பை யார் கையில் இருந்தது என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுவார்கள்.)

ரொம்ப நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்த விஷயம். இனியும் எழுதாமல் இருந்தால் மண்டை வெடித்துவிடும் போலிருக்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன். திட்டுகிறவர்கள் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் 'இவன் நாத்திகன்' என்று முதல் பாராவிலேயே முத்திரை குத்திவிடுவீர்கள். திருநெல்வேலிச் சீமை, நாசரேத் பக்கம் ஒரு கிராமம். கோயில் மணி அடித்தால் எழுந்து, குடும்ப ஜெபத்தில் தூங்கி வழிந்து, ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்து சோப்பு டப்பா பரிசு வாங்கிய சாதாரண சி.எஸ்.ஐ. பையன். பதினாலு வருஷமாக புனேயில் இருக்கிறேன். சாக்கன் பக்கம் வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் தரக்கட்டுப்பாடு வேலை. தினமும் ஜெபிக்கிறவன். ஜெபத்துக்குப் பதில் உண்டு என்று நம்புகிறவன். அதனால்தான் இவ்வளவு கோபம்.

வெளியூரில் இருக்கிற தமிழ் ஐக்கியம் என்றால் என்ன என்று ஊரில் இருப்பவர்களுக்குப் புரியாது. வாடகைக்கு வீடு தேட, ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுக்க, பிள்ளைக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்க, செத்தால் தூக்க, எல்லாத்துக்கும் அந்த அறுபது எழுபது குடும்பம்தான். ஊரில் ஒரு முடிவு எடுப்பதற்கு முன்னால் சித்தப்பா, தாய்மாமா, பள்ளிக்கூட வாத்தியார், சபை ஐயர் என்று பத்து பேர் இருப்பார்கள். ஆளுக்கொரு நியாயம் பேசுவார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பத்து வாயில் ஒரு வாயாவது உண்மையைச் சொல்லிவிடும். இங்கே அந்தப் பத்து பேர் கிடையாது. அவர்கள் இடத்தில் ஒரே ஒரு பிரதர் இருக்கிறார். அவருக்குக் கர்த்தர் வாரத்துக்கு மூணு தடவை பேசுகிறார்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

ஞானம் குறைவாக இருந்தால் கடவுளிடம் கேளுங்கள், அவர் கொடுப்பார். யாக்கோபு நிருபம் முதல் அதிகாரம் ஐந்தாம் வசனத்தின் சாரம் இது. எங்க வீட்டுக் காலண்டரிலிருந்து ஆட்டோ பின்னாடி ஸ்டிக்கர் வரைக்கும் இடம் பிடித்த வசனம். ஆனால் அந்த நிருபத்தில் மொத்தம் ஐந்து அதிகாரம், 108 வசனம் இருக்கிறது. நிதானமாகப் படித்தாலும் அரை மணி நேரம் ஆகாது. நம்ம ஆட்கள் ஐந்தாம் வசனத்திலேயே இறங்கிவிடுகிறார்கள்.

கொஞ்சம் முன்னால் பாருங்கள். 2, 3, 4 வசனங்கள் சோதனையைப் பற்றியும் பொறுமையைப் பற்றியும் பேசுகின்றன. கஷ்டத்துக்கு நடுவில் மனுஷன் எப்படி நிலைகுலையாமல் நிற்பது என்று பேசிக்கொண்டு வருகிற இடத்தில்தான் 'ஞானம் இல்லையா, கேள்' என்கிறார். எந்த ஏரியாவில் ஃபிளாட் வாங்கினால் விலை ஏறும், எந்தக் கம்பெனிக்கு மாறினால் சம்பளம் கூடும் என்பதற்கான துப்பு அங்கே பேசப்படவில்லை.

கொஞ்சம் பின்னால் போங்கள். அதே முதல் அதிகாரம் 19ஆம் வசனம்: கேட்பதில் வேகம் வேண்டும், பேசுவதில் நிதானம் வேண்டும். மூன்றாம் அதிகாரத்தில் மேலிருந்து வருகிற ஞானத்துக்கு அடையாளங்களை வரிசையாகச் சொல்கிறார். சுத்தம், சமாதானம், சாந்தம் என்று போகிற அந்தப் பட்டியலில் ஒரு கிரேக்கச் சொல் இருக்கிறது: யூபெய்தேஸ். நியாயமாக எடுத்துச் சொன்னால் ஏற்றுக்கொள்கிற தன்மை என்று அர்த்தம். அதாவது, எதிரே இருப்பவன் பேசி நம் மனசை மாற்ற முடியும்படி நாம் இருப்பது.

இதைத்தான் எல்லாரும் கவனிக்க வேண்டும் என்கிறேன். கடவுளிடமிருந்து ஞானம் வாங்கியவனுக்கு அடையாளம், அவனோடு விவாதிக்க முடியும். எவனோடு விவாதிக்கவே முடியாதோ, அவன் வாங்கி வந்தது வேறு ஏதோ சரக்கு.

இப்போது நடந்த கதைகளுக்கு வருகிறேன். யார், எந்த ஐக்கியம் என்று தயவுசெய்து கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். உங்கள் ஊரிலும் இதே கதை வேறு பெயரில் நடந்திருக்கும்.

கதை ஒன்று. சபைக்குச் சொந்த இடம் வாங்கணும் என்று எல்லாருக்கும் ஆசை. வாடகை ஹாலில் எத்தனை வருஷம் ஆராதனை நடத்துவது? ஊருக்கு வெளியே பத்து குண்டா நிலம் வந்தது. மூணு நாள் உபவாச ஜெபம். மூணாம் நாள் ராத்திரி தலைவருக்குத் தரிசனம். 'இதுவே ஸ்தலம்.' கமிட்டியில் 26 வயசுப் பையன் ஒருத்தன், சிவில் டிப்ளமா படித்தவன், மெதுவாகக் கேட்டான்: "அங்கிள், சாத்-பாரா உதாரா பார்த்துட்டோமா?" மகாராஷ்டிராவில் நிலத்துக்கு அதுதான் ஜாதகம். யார் பெயரில் இருக்கிறது, விவசாய நிலமா, கடன் இருக்கிறதா, எல்லாம் அந்த ஒரு காகிதத்தில் தெரியும். அவன் கேட்டது அவ்வளவுதான். "கர்த்தர் காட்டினதுக்கு தலாட்டி ஆபீஸ்ல போய் சர்ட்டிபிகேட் வாங்கணுமா தம்பி?" என்றார் தலைவர். எல்லாரும் சிரித்தார்கள். பையன் உட்கார்ந்துவிட்டான்.

அட்வான்ஸ் ஆறு லட்சம் போனது. அது விவசாய நிலம். மகாராஷ்டிராவில் விவசாயி அல்லாதவர் விவசாய நிலத்தைச் சும்மா வாங்கிப் பதிவு செய்துவிட முடியாது. பதிவு நடக்கவில்லை. பணம் திரும்பவும் வரவில்லை. அந்த ஆறு லட்சத்தில் வீட்டு வேலை செய்கிற அக்காமார் மாசம் இருநூறு, முந்நூறாகக் கொடுத்த காணிக்கையும் இருக்கிறது. இதில் சத்துரு எங்கே வந்தான் என்று தெரியவில்லை, ஆனால் அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் "சத்துரு தடை செய்கிறான்" என்றுதான் கேட்டோம். பையன் அப்புறம் கூட்டத்துக்கு வருவதில்லை. சத்துருவின் வேலை என்று ஒன்று நடந்திருந்தால் அது இதுதான்.

கதை இரண்டு. தையல் கடை வைத்திருக்கிற அண்ணாச்சி, அறுபது தாண்டியவர், பல வருஷ சர்க்கரை வியாதிக்காரர். வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் ஒருவர் தலையில் கை வைத்து "சுகமாயிற்று, கர்த்தர் எனக்குக் காட்டுகிறார்" என்றார். அண்ணாச்சி இன்சுலின் ஊசியை நிறுத்தினார். எங்கள் ஐக்கியத்திலேயே ஒரு நர்ஸ் அக்கா இருக்கிறார்கள். இருபது வருஷ சர்வீஸ். வீட்டுக்கே போய்ச் சொன்னார்கள்: "அண்ணாச்சி, ஜெபமும் பண்ணுங்க, ஊசியும் போடுங்க. சர்க்கரையைச் செக் பண்ணுங்க. சுகமாயிருந்தா அதுலயே தெரியும்ல." என்ன தெளிவான பேச்சு! ஆனால் அந்த அக்காவுக்குக் கிடைத்த பதில், "விசுவாசத்தைக் கெடுக்காதே."

இரண்டு மாசத்தில் காலில் புண். இடது காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். அந்த ஊழியக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னபோது, "அவர் விசுவாசத்தில் எங்கேயோ ஒரு குறை" என்றாராம். அண்ணாச்சி யாரையும் குறை சொல்லவில்லை. அதே கடை, அதே மெஷின். மிதிக்கிற காலை மட்டும் மாற்றிக்கொண்டார்.

கதை மூன்று ஒரு தனி ஆளின் கதை இல்லை, நம் எல்லார் கதையும்தான். பிள்ளைக்கு வரன் பார்க்கிறோம். "தேவசித்தத்துக்காகக் காத்திருக்கிறோம், ஜெபித்துக்கொண்டிருக்கிறோம்." நல்லது. அப்புறம் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கிறோம்: இன்ன சாதி கிறிஸ்தவக் குடும்பம், அதே சாதியில் மணமகள் தேவை. நான் கேட்கிறேன், தேவசித்தத்தைத் தேடுகிறவன் சித்தம் இந்தச் சாதிக்குள்தான் இருக்க வேண்டும் என்று தேவனுக்கே வேலி போட்டுவிட்டா தேடுவான்? இந்தியாவின் ஆங்கிலிக்கன் பிஷப்பாக கல்கத்தாவில் இருந்த டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை அடியோடு விட வேண்டும் என்று 1833இல் சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் அதை எதிர்த்துக் கிளம்பினார்கள். அவர்களும் ஜெபிக்கிறவர்கள்தான். கிட்டத்தட்ட இருநூறு வருஷம் ஆகிறது. இன்னமும் நமக்குக் கிடைக்கிற தேவசித்தம் எல்லாம் மிகச் சரியாகச் சொந்தச் சாதிக்குள்ளேயே வந்து இறங்குகிறது. என்ன ஆச்சரியம்!

கம்பெனியில் எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. ஒரு அளவுக்கருவி எதை வைத்தாலும் ஒரே அளவைக் காட்டுகிறதென்றால், பொருளெல்லாம் அருமை என்று அர்த்தம் இல்லை. கருவி சிக்கிக்கொண்டது என்று அர்த்தம். எவ்வளவு ஜெபித்தாலும் நமக்குப் பிடித்த பதிலே வருகிறதென்றால் முதலில் கருவியைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

இதைச் சொன்னால் உடனே மூன்று பதில் வரும். எனக்கு மனப்பாடம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் பதில்: "கேட்கும்போது சந்தேகப்படக் கூடாது என்று அதே யாக்கோபு சொல்லியிருக்கிறார்." சொல்லியிருக்கிறார், ஆறாம் வசனம். யாரைச் சந்தேகப்படக் கூடாது? கொடுக்கிற கடவுளை. நான் சரியாகக் கேட்டேனா, என் காதில் விழுந்தது அவர் குரலா, என் ஆசையின் குரலா என்று என்னையே சந்தேகப்படக் கூடாது என்று எங்கே இருக்கிறது? ரேடியோ நிலையத்தை நம்புகிறேன். என் வீட்டு ரேடியோ கரகரக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டும் ஒரே நேரத்தில் சாத்தியம்.

இரண்டாவது பதில்: "சொந்த புத்தியில் சாயக் கூடாது." நீதிமொழிகள் மூன்றாம் அதிகாரம். அருமையான உபதேசம். ஆனால் அது முதலில் யார் தலையில் விழுகிறது? நிலப் பத்திரத்தைப் பார்க்கச் சொன்னவன் சொந்த புத்தியில் சாயவில்லையே. தனக்கு வெளியே இருக்கிற ஒரு காகிதத்தில், ஒரு சாட்சியில் சாய்ந்தான். தனக்கு வந்த கனவை யாரிடமும் காட்டிச் சரிபார்க்காமல் ஆறு லட்சத்தை எடுத்துக் கொடுத்தவர்தான் சொந்த புத்தியில் சாய்ந்தவர். அதற்கு 'தரிசனம்' என்று பெயர் வைத்தால் புத்தி மாறிவிடுமா? இரண்டு வசனம் தள்ளி அதே அதிகாரம், உன் பார்வையில் நீயே ஞானி ஆகிவிடாதே என்கிறது. அதை யாரும் ஸ்டிக்கர் போடுவதில்லை.

மூன்றாவது பதில்தான் பிரம்மாஸ்திரம்: "அபிஷேகம் பெற்றவரை எதிர்த்துப் பேசாதே, சாபம் வரும்." அப்படியா? தாவீது அபிஷேகம் பெற்ற ராஜா. நாத்தான் அவர் முகத்துக்கு நேரே போய் அவர் செய்த குற்றத்தைச் சொல்லிக் காட்டினார். பேதுரு அப்போஸ்தலன். அந்தியோகியாவில் பவுல் அவரை நேருக்கு நேர் எதிர்த்தார், அதைக் கலாத்தியர் நிருபத்தில் எழுதியும் வைத்தார். இவர்களுக்கெல்லாம் சாபம் வந்ததாகத் தெரியவில்லை.

நாத்தான் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ரெண்டாம் சாமுவேல் ஏழாம் அதிகாரம். கடவுளுக்கு ஆலயம் கட்டணும் என்று தாவீது நாத்தானிடம் ஆசையைச் சொல்கிறார். நல்ல ஆசை. நாத்தானும் உடனே, மனசில் இருப்பதைச் செய்யும், கர்த்தர் உம்மோடு இருக்கிறார் என்று சொல்லிவிடுகிறார். அன்று ராத்திரியே கர்த்தர் நாத்தானிடம், அவன் கட்ட வேண்டாம் என்கிறார். நாத்தான் என்ன செய்தார்? ஒருமுறை தீர்க்கதரிசனம் சொல்லியாயிற்று, இனி மாற்றினால் மரியாதை என்னாவது என்று யோசிக்கவில்லை. திரும்ப அரண்மனைக்குப் போய் நேற்று சொன்னதற்கு நேர்மாறாகச் சொன்னார். அதுவும் ராஜாவிடம்! உண்மையான தீர்க்கதரிசி என்றால் இப்படி. நான் கேள்விப்பட்டவரையில் நம்ம ஊழியக்காரர்களில் ஒருவராவது "நேற்று நான் சொன்னது கர்த்தர் சொன்னதல்ல, என் வாய் முந்திக்கொண்டது" என்று மைக்கில் சொன்னதில்லை.

2020 புத்தாண்டு ஆராதனைகளை நினைத்துப் பாருங்கள். நான் கேட்ட வாக்குத்தத்தமெல்லாம் விருத்தி, பெருக்கம், இரட்டிப்பான ஆசீர்வாதம். மார்ச் 25ஆம் தேதி நாடே பூட்டப்பட்டது. புனேயிலிருந்து எத்தனை பேர் மூட்டை முடிச்சோடு நடந்தே கிளம்பினார்கள் என்று கண்ணால் பார்த்தவர்கள் நாம். வியாதி வந்ததற்குப் போதகர்கள் பொறுப்பு என்று நான் சொல்லவில்லை. யாருக்கும் முன்கூட்டித் தெரியவில்லை, அதில் வெட்கமும் இல்லை. ஆனால் 2021 புத்தாண்டு ராத்திரி, 'போன வருஷம் நாங்கள் சொன்னது என்ன, நடந்தது என்ன' என்று ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே? புது அட்டை அச்சடித்து நீட்டிவிட்டார்கள். நாமும் வாங்கி பர்ஸில் வைத்துக்கொண்டோம்.

யாக்கோபு இதற்கும் எழுதியிருக்கிறார், நாலாம் அதிகாரத்தில். இன்ன பட்டணத்துக்குப் போவோம், ஒரு வருஷம் இருப்போம், லாபம் சம்பாதிப்போம் என்று திட்டம் போடுகிறீர்களே, நாளைக்கு என்ன நடக்கும் என்றே உங்களுக்குத் தெரியாதே என்று கேட்கிறார். பிழைப்புக்காக வேற்றூர் வந்த நமக்கென்றே எழுதின மாதிரி இருக்கிறது.

சரி, அப்படியானால் ஞானம் கேட்பது என்றால் என்ன? வேதத்திலேயே மாதிரி இருக்கிறது.

சாலொமோன் கேட்டதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் எப்படிக் கேட்டார்? நான் சின்னப் பிள்ளை, எனக்கு ஒன்றும் தெரியாது என்று ஆரம்பித்தார். அவர் கேட்ட இருதயத்துக்கு எபிரெய மூலத்தில் உள்ள சொல் 'லேவ் ஷோமேயா'. நேராகச் சொன்னால், காது கொடுத்துக் கேட்கிற இருதயம். பேசுகிற வாயைக் கேட்கவில்லை பாருங்கள். அடுத்து வருகிற முதல் வழக்கே ஊர் மதிக்காத இரண்டு விபசாரப் பெண்களுடையது. சாட்சி கிடையாது. ராஜா இரண்டு பேரையும் பேச விட்டார். தீர்ப்புக்கு முன்னால், இவள் இப்படிச் சொல்கிறாள், அவள் அப்படிச் சொல்கிறாள் என்று இரண்டு தரப்பையும் தன் வாயால் திருப்பிச் சொன்னார். அப்புறம்தான் பட்டயம் கொண்டுவரச் சொன்னார். கனவில் கடவுளைக் கண்டவர், "கனவுல எனக்குத் தெரிஞ்சிடுச்சு, நீ பொய்க்காரி" என்று விசாரணையை முடிக்கவில்லை.

மோசேயைப் பாருங்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை தனியாளாக ஜனங்களுக்கு வழக்கு தீர்த்துக்கொண்டிருக்கிறார். மாமனார் எத்திரோ வந்து, மாப்பிள்ளை இது சரிப்படாது, ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது, பத்து பேருக்கு என்று ஆட்களை நியமி என்கிறார். எத்திரோ மீதியான் தேசத்து ஆசாரியர், இஸ்ரவேலரே கிடையாது. மோசே 'எரிகிற முட்செடியிலிருந்து என்னிடம் கடவுள் பேசினார், நீர் யார் எனக்குச் சொல்ல' என்று கேட்டாரா? மாமனார் சொன்னதை எல்லாம் அப்படியே செய்தார்.

எருசலேம் சபையைப் பாருங்கள், அப்போஸ்தலர் நடபடிகள் 15. புறஜாதியார் விருத்தசேதனம் செய்ய வேண்டுமா வேண்டாமா என்ற பெரிய தகராறு. நிறைய வாக்குவாதம் நடந்தது என்று வேதமே ஒளிக்காமல் எழுதுகிறது. பேதுரு பேசினார், பர்னபாவும் பவுலும் பேசினார்கள், எல்லாரையும் கேட்டபின் யாக்கோபு பேசினார். சபை மரபுப்படி நிருபம் எழுதிய அதே யாக்கோபு! கடைசியில் அனுப்பின கடிதத்தில், இது பரிசுத்த ஆவிக்குச் சரியென்று பட்டது என்றதோடு எங்களுக்கும் சரியென்று பட்டது என்று சேர்த்து எழுதினார்கள். ஆவியானவர் பேசியது அந்த வாக்குவாதத்தின் ஊடாகத்தான். வாயைப் பொத்தியதால் அல்ல.

நம் பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. புனேயிலிருந்து சென்னைக்குப் போகிற ரயில் தௌண்டுக்கு முன்னால் கேட்காவ் என்ற சின்ன ஸ்டேஷனைத் தாண்டும். நம்மவர்கள் அந்நேரம் புளிச்சாதப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருப்பார்கள். அங்கேதான் பண்டித ரமாபாயின் முக்தி மிஷன். 1858இல் பிறந்த ரமாபாய் சமஸ்கிருதப் பண்டிதை. 1883இல் இங்கிலாந்தில் வாண்டேஜ் என்ற ஊரில் ஞானஸ்நானம் வாங்கினார். வாங்கின கையோடு, அடைக்கலம் கொடுத்த ஆங்கிலக் கன்னியாஸ்திரீகளிடமே கேள்வி கேட்க ஆரம்பித்தார். ஒரு நாட்டுப் புரோகிதர்களின் நுகத்தைக் கழற்றிவிட்டு இன்னொரு நாட்டுப் புரோகிதர்களின் நுகத்தை மாட்டிக்கொள்ளத் தயாரில்லை என்பது அவர் கடிதங்களின் சாரம். விசுவாசம் இல்லாதவர் என்று அவரை யார் சொல்ல முடியும்?

1905இல் அதே முக்தியில் பெரிய எழுப்புதல் நடந்தது. பெந்தெகொஸ்தே சரித்திரம் எழுதுகிறவர்கள் இன்றைக்கும் தவறாமல் குறிப்பிடுகிற சம்பவம். அக்கினி இறங்கிய அந்த வளாகத்தின் தலைவி அதற்கப்புறமும் எதில் உழைத்தார் தெரியுமா? சாதாரணப் பெண்களுக்குப் புரிகிற மராத்தியில் வேதத்தை மொழிபெயர்ப்பதில். அதற்காக எபிரெயமும் கிரேக்கமும் படித்தார், நடுவயதைத் தாண்டி. 'ஆவியானவர் எனக்கு எபிரெயம் அருளினார்' என்று மேடையில் சாட்சி சொல்லவில்லை. இலக்கணப் புத்தகத்தோடு உட்கார்ந்தார். 1922 ஏப்ரல் 5ஆம் தேதி இறந்தார். முழு வேதம் 1924இல் வெளிவந்தது. ஜெபமும் அகராதியும் அந்த அம்மாவுக்கு எதிரிகள் இல்லை. நமக்குத்தான் எதிரிகள்.

இன்னொரு பக்கத்துக்கும் ஒரு குட்டு வைக்காவிட்டால் நியாயம் இல்லை. இதுவரை படித்துவிட்டு "சபாஷ், நான் இதைத்தான் சொன்னேன், ஜெபமெல்லாம் சும்மா" என்று கால் மேல் கால் போட்டுக்கொள்கிற படித்த கூட்டம் ஒன்று உண்டு. ஹிஞ்சேவாடியில் லேப்டாப் தட்டுகிற நம்ம ஆட்கள்தான். இவர்களுக்கும் அந்த பிரதருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவருக்குக் கர்த்தர் சொல்லிவிட்டார், இவர்களுக்கு கூகுள் சொல்லிவிட்டது. இரண்டு பேருக்குமே 'எனக்குத் தெரியாது' என்ற வார்த்தை வராது. முழங்காலில் நிற்பதன் பிரயோஜனமே அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிப் பழகுவதுதான். நர்ஸ் அக்கா ஜெபிக்க வேண்டாம் என்று சொல்லவில்லையே. ஜெபித்துவிட்டு சர்க்கரையையும் பார் என்றார்கள். என்னைக் கேட்டால் எங்கள் ஐக்கியத்தில் யாக்கோபு சொன்ன ஞானம் யாருக்காவது கிடைத்திருந்தால் அது அந்த அக்காவுக்குத்தான். அவர்களுக்கு இதுவரை ஒரு நாளும் மைக் கொடுத்ததில்லை.

கடைசியாக, ஜெபித்து வந்த ஒரு முடிவை யாராவது உங்கள் முன்னால் வைத்தால், அல்லது நீங்களே மற்றவர் முன்னால் வைக்கப் போனால், கீழே உள்ளதைக் கேட்டுப் பாருங்கள்:

1. இந்த முடிவைப் பற்றி ஒருவர் கேள்வி கேட்டால் கோபம் வருகிறதா, பதில் வருகிறதா?

2. வந்த பதில், ஜெபத்துக்கு முன்னாலேயே நமக்கு இருந்த ஆசைதானா?

3. இந்த முடிவால் நஷ்டம் வந்தால் யாருக்கு வரும்? சொன்னவருக்கா, கேட்டவருக்கா?

4. காகிதம், கணக்கு, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், இதையெல்லாம் மேஜையில் வைக்கத் தயாரா?

5. தப்பென்று தெரிந்தால், நாத்தான் மாதிரி மறுநாளே திரும்பி வந்து சொல்லத் தயாரா?

இதில் ஒன்று இடித்தாலும் முடிவைத் தள்ளிப் போடுங்கள். கடவுள் அவசரப்படுகிறவர் இல்லை. அவசரம் எல்லாம் அட்வான்ஸ் வாங்குகிற தரகருக்குத்தான்.

டிசம்பர் 31 ராத்திரி வழக்கம்போல அட்டை வரும். வாங்கிக்கொள்ளுங்கள், நானும் வாங்குவேன், அதில் இருப்பது நல்ல வசனமாகத்தான் இருக்கும். ஆனால் அட்டை கொடுக்கிறவரிடம் ஒரே ஒரு விண்ணப்பம் வையுங்கள். ஜனவரி முதல் வாரத்தில், சபையின் போன வருஷக் கணக்கையும் எல்லார் கையிலும் ஒரு தாளாகக் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே கையால் கொடுக்க முடிகிறவர் சொல்வதை நான் காது கொடுத்துக் கேட்பேன்.